பனியன் துணியில் தமிழ்ப் பெயர்: எந்த வேலையை எந்தக் கடையில் கொடுக்கலாம்?

டி-ஷர்ட்டில் பெயர் போட்டுத் தர திருப்பூரில் நான்கு வகைக் கடைகள் உண்டு: கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட், டிடிஎஃப் (பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) பிரிண்ட் கடை, வினைல் என்ற நிறப் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டுகிறவர்கள், ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. மற்ற ஊர்களிலும் இதே நான்குதான், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எத்தனை தடவை துவைச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க." அது எந்தத் துணிக்கு, எந்த அளவு எழுத்துக்கு உண்மை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. ஒரு பீஸிலிருந்து ஐம்பது பீஸ் வரை, ஆளுக்கொரு பெயர், அதுவும் தமிழில், அதுவும் பின்னலாடையின் மேல். இதைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறோம். ஏற்றுமதி ஆர்டரில் ஐயாயிரம் பீஸுக்கு ஒரே லோகோ அடிப்பது வேறு கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். துணி 180 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) மேல், எழுத்து உயரம் 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் எம்ப்ராய்டரியை மிஞ்ச ஒன்றும் இல்லை. துணி மெல்லியது, எழுத்து சிறியது என்றால் டிடிஎஃப். விளையாட்டு ஜெர்சியின் முதுகில் பெரிய பெயரும் எண்ணும் என்றால் வினைல். ஸ்கிரீன், ஒரே பெயர் பல பீஸில் வரும்போது மட்டும். ஆனால் எம்ப்ராய்டரி என்று முடிவு செய்தவர்களில் பலர் ஏமாறுவது எழுத்தினால் அல்ல, எழுத்துக்கு அடியில் வைக்கிற பேக்கிங்கினால். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சட்டைத் துணி நெய்தது. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே ஊசி புகுந்து வந்துவிடும், துணி அசையாது. பனியன் துணி பின்னியது. நூல் வளையம் வளையமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. குறுக்கே நன்றாக நீளும், நெடுக்கே கொஞ்சம் நீளும். அதன் மேல் ஆயிரம் தையல் நெருக்கமாக விழுந்தால், துணி நீளப் பார்க்கும், தையல் விடாது. போட்டியில் தோற்பது துணிதான். ஓரமெல்லாம் சுருக்கம் விழும், அல்லது பெயர் இருக்கிற இடம் மட்டும் விறைத்துத் தூக்கி நிற்கும். இந்தப் போட்டி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அடியில் வைக்கும் நான்-ஓவன் (நெய்யாமல் நாரை அழுத்திச் செய்த தாள்) பேக்கிங்கின் வேலை.

எம்ப்ராய்டரி யூனிட்டில் பேக்கிங் இரண்டு மூன்று வகை இருக்கும். கையால் கிழித்து எடுக்கிற டியர்-அவே. கத்தரியால் வெட்டி, எழுத்தின் கீழே நிரந்தரமாக விட்டுவிடுகிற கட்-அவே. மெல்லிய வலை மாதிரி இருக்கும் மெஷ். பனியன் துணிக்கு டியர்-அவே சரிப்படாது. ஊசி குத்திக் குத்தி அதை ஏற்கெனவே தபால்தலை ஓரம் போல ஆக்கியிருக்கும். கிழித்த பிறகு எழுத்துக்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது, நாலு துவைப்பில் எழுத்து நெளியும். இது யூனிட்காரர்களுக்குத் தெரியாததல்ல. கட்-அவே என்றால் ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் போட்டு ஒருவர் உட்கார்ந்து கத்தரிக்க வேண்டும், துணியில் கத்தரி பட்டால் பீஸே போச்சு. டியர்-அவே என்றால் ஒரே இழுப்பு. சின்ன ஆர்டருக்கு எதை எடுப்பார்கள் என்பது நாம் கேட்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது.

கேட்க வேண்டியது இது: ஜெர்சி என்கிற சாதாரண டி-ஷர்ட் துணி, மேடுபள்ளமாகப் பின்னிய பிக்கே காலர் டி-ஷர்ட் இரண்டுக்கும் 70 முதல் 85 ஜிஎஸ்எம் வரை கனமுள்ள கட்-அவே ஒரு அடுக்கு. வெள்ளை, இளமஞ்சள் போன்ற வெளிர் துணியில் அந்தப் பேக்கிங்கின் சதுரம் முன்பக்கம் நிழலாகத் தெரியும். அங்கே 50 ஜிஎஸ்எம் அளவில் மெஷ் போதும், ஆனால் தையலின் நெருக்கத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஹூடி, ஃப்ளீஸ் போன்ற கனத்த துணிக்கும் கட்-அவேதான். துணி கனமாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, கனமான பின்னலும் பின்னல்தான்.

பீஸ் கைக்கு வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பேக்கிங் விட்டு, மூலைகளை வளைவாகக் கத்தரித்திருந்தால் அது தெரிந்தவர் வேலை. எழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தால் ஓரத்துக்குப் பிடிமானம் இல்லை. பிசிறு பிசிறாகக் கிழிந்த நார் மட்டும் ஒட்டியிருந்தால் டியர்-அவே போட்டு முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னொன்றும் அங்கேயே தெரியும்: சாட்டின் தையலின் (கோட்டின் அகலத்துக்கு நூல் நெருக்கமாகப் போய்வரும் தையல்) பின்புறத்தில் நடு மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூலாகவும் (அடி நூல்), இரு ஓரமும் மேல் நூலின் நிறமாகவும் இருந்தால் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரி. முழுக்க வெள்ளையாக இருந்தால் மேல் நூல் இறுக்கம். அது முன்பக்கம் எழுத்தின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும், பனியன் துணியைச் சேர்த்து இழுக்கவும் செய்யும்.

ஊசி அடுத்த விஷயம். கூர்முனை ஊசி பின்னலின் வளையத்தைக் குத்தி அறுக்கும். தொழிலில் இதற்கு 'நீடில் கட்' என்று பெயர். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு எழுத்தின் ஓரமாகக் குண்டூசித் துளை மாதிரி வரிசையாகத் தெரியும், அங்கிருந்து கண்ணி ஓட ஆரம்பிக்கும். மழுங்கிய முனை கொண்ட பால்பாயின்ட் ஊசி வளையத்தைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டுப் போகும். தொழிற்சாலை எந்திரத்தின் ஊசிகளில் எஸ்இஎஸ் என்பது லேசான பால்பாயின்ட், எஸ்யூகே அதைவிடக் கொஞ்சம் உருண்டது. மெல்லிய ஜெர்சிக்கு எஸ்இஎஸ், தளர்ந்த பின்னலுக்கு எஸ்யூகே. வழக்கமான 40 நம்பர் எம்ப்ராய்டரி நூலுக்கு 75/11 அளவு. சிறிய எழுத்துக்கு அதைவிட மெல்லிய 60 நம்பர் நூல் போட்டால் 65/9. காலையில் டெனிமும் தொப்பியும் ஓடிய எந்திரத்தில் ஊசியை மாற்றாமல் மதியம் பனியனை ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. சோதிப்பது எளிது: சாம்பிள் பீஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எழுத்தின் ஓரத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த வளையம் ஒளிப் புள்ளியாகத் தெரியும்.

துணியைப் பிடித்து நிறுத்தும் ஃப்ரேம் மாட்டுவதில் ஒரே விதிதான்: பேக்கிங் இறுக்கமாக, துணி இயல்பாக. மேளம் மாதிரி துணியை இழுத்து மாட்டினால் தைக்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஃப்ரேமைக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், எழுத்து திரும்பாது. பேக்கிங்கை மட்டும் ஃப்ரேமில் மாட்டி, லேசாக ஒட்டும் ஸ்ப்ரே அடித்து, துணியை அதன் மேல் தடவிப் படியவைத்துத் தைப்பது பாதுகாப்பு. ஃப்ரேம் தடமும் விழாது. பிக்கே, டெரி, ஃப்ளீஸ் போன்ற மேடுபள்ளத் துணியில் மேலே ஒரு அடுக்கு தண்ணீரில் கரையும் பிலிம் வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய தையல் பள்ளத்தில் புதைந்து, எழுத்தின் ஓரம் அரித்தது போலத் தெரியும். வேலை முடிந்ததும் பெரிய துண்டைக் கிழித்துவிட்டு மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றினால் கரைந்துவிடும்.

இதெல்லாம் எந்த மொழிப் பெயருக்கும் பொருந்தும். தமிழுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. பெரும்பாலான யூனிட்டுகள் சறுக்குவது இங்கேதான்.

முதலில் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்தை 40 நம்பர் நூலில் 6 மில்லிமீட்டர் உயரத்தில்கூடத் தெளிவாகத் தைத்துவிடலாம். தமிழில் அதே உயரத்தில் ண, ஞ, ஜ, ஐ, இ எல்லாம் அடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். காரணம் கணக்குத்தான். சாட்டின் தையலின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியன் துணியில் நிற்காது. பின்னல் இழுப்பதை ஈடுகட்ட ஒவ்வொரு கோட்டையும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை தடிமனாகப் போட வேண்டும். 'ண' எழுத்தில் அகலவாக்கில் கோடும் இடைவெளியும் மாறி மாறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 6 மில்லிமீட்டரில் கோடுகளுக்கே இடம் போதாது, இடைவெளிக்கு எங்கே போவது? நூலின் தடிமனும் சேர்ந்து சுழிகளை மூடிவிடும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே மொத்தையாகத் தெரியும்.

சுழி அடைவதைவிட மோசமானது சின்ன உறுப்பு காணாமல் போவது. ரகரத்தின் கீழ்ச் சாய்வு அரை மில்லிமீட்டர் சுருங்கினால் அது வெறும் கால் ஆகிவிடும், 'கார்' என்பதில் எது கால், எது ர என்று தெரியாது. ழகரத்தின் கீழ்ச்சுழி மங்கினால் மகரம். ஏகாரத்தின் சாய்கோடு விட்டுப்போனால் எகரம். ஓகாரத்தின் கீழ்ச்சுழி அடைந்தால் ஒகரம். 'தி'யும் 'தீ'யும் மாறுவது ஒரு சின்ன வளைவில்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து அடைத்துக்கொண்டாலும் ஊகித்துப் படிக்கலாம். தமிழில் வேறு எழுத்தாகவே மாறி, வேறு ஆளின் பெயராகிவிடும். ஆகவே அளவு விதி: ககரத்தின் உயரம் 10 மில்லிமீட்டர் என்றால் நிம்மதி. 8 என்றால் 60 நம்பர் நூல், 65/9 ஊசி, நல்ல பஞ்சிங் (பெயரை எந்திரம் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றும் வேலை) மூன்றும் வேண்டும். அதற்குக் கீழே எம்ப்ராய்டரி கேட்காதீர்கள், ஒப்புக்கொள்கிற யூனிட்டையும் நம்பாதீர்கள்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி குறைந்தது 1.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாக வைத்தால் நான்கைந்து தையல் ஒரே இடத்தில் குத்தி, ஜெர்சியில் ஓட்டை போட்டுவிடும். எழுத்துருவில் புள்ளி சிறியதாக இருந்தால் அதை மட்டும் தனியே பெரிதாக்கச் சொல்லலாம், பார்க்க விகாரமாக இருக்காது. புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது வெற்றிடம் தேவை, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

புள்ளி நேரத்தையும் தின்னும். 'மீனா' என்ற பெயரில் புள்ளியே இல்லை. 'கார்த்திக்' என்ற பெயரில் மூன்று. க, கால், ர, புள்ளி, த, புள்ளி, தி, க, புள்ளி என்று ஒன்பது தனித் துண்டு. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுத் தையல், நடுவே நூல் வெட்டு. வெட்டும்போது எந்திரம் நின்று, வெட்டி, நகர்ந்து, மறுபடி வேகம் பிடிக்கும். ஐந்தெழுத்துப் பெயர் 10 மில்லிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு தையல்தான் வரும். நிமிடத்துக்கு 650 தையல் வேகத்தில் இரண்டு நிமிட வேலை, ஆனால் வெட்டுகள் அதை இழுத்துவிடும். அதனால் சில யூனிட்டுகள் வெட்டைத் தவிர்த்து நூலைத் தாண்டவிட்டு, பிறகு கத்தரியால் எடுப்பார்கள். எடுக்க மறந்தால் எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு நூல் பாலம் நிற்கும். திறமையான பஞ்சிங்காரர் வேறு வழி செய்வார்: எழுத்தின் கடைசித் தையலை மேலே, புள்ளிக்கு அருகில் கொண்டுவந்து முடித்து, அங்கிருந்தே புள்ளிக்குத் தாவுவார். தாவல் சிறியதாவதால் நூலும் தெரியாது, வரிசையும் பிசகாது. எல்லா எழுத்தையும் முதலில் தைத்துவிட்டுக் கடைசியில் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு வருகிற பஞ்சிங்கும் உண்டு. பனியன் துணி அதற்குள் நகர்ந்திருக்கும், புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் தோளில் உட்காரும்.

பஞ்சிங் கையால் செய்ததா, சாஃப்ட்வேர் தானாகப் போட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 'ட'வைப் பார்த்துப் பயனில்லை, அது நேர்கோடு. வளைவுள்ள எழுத்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து நூல் ஓடும் திசையைப் பாருங்கள். கையால் செய்த சாட்டினில் வளைவு திரும்பத் திரும்ப நூலும் கூடவே திரும்பும், பளபளப்பு வளைவைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். தானியங்கி வேலையில் எழுத்து முழுக்க நூல் ஒரே கோணத்தில் கிடக்கும், ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். படத்தைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் ஃபைல் வாங்கினால் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்கும்.

எழுத்துப் பிழையும் இதோடு சேர்ந்த வம்பு. பல எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர்களுக்கு யூனிகோட் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே ஒரு வட்டத்தோடு வந்து உட்காரும். இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிற இடங்களில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய யூனிகோட் பெயரை அவர்கள் மறுபடி அடிக்க வேண்டும், அங்கே 'ன' 'ண' ஆகும், 'ர' 'ற' ஆகும். பெயரை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். இலவசமான இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழை அடித்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்து ஓவியமாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. அதே இங்க்ஸ்கேப்பில் இங்க்/ஸ்டிச் என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் தையல் ஃபைலையே நீங்கள் தயாரிக்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல கருவி, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் சாட்டின் பட்டையாக உடைத்துக் கொடுக்க வேண்டும், அதன் இழுவை ஈடு அளவையும் நாமே பார்த்துக் கூட்ட வேண்டும். ஓரிரு பெயருக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை. எழுத்துரு தேர்வில் ஒன்று மட்டும்: கோட்டின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கிற எழுத்துருவை எடுங்கள். தடித்தும் மெலிந்தும் வரும் அலங்கார எழுத்தில் மெலிந்த இடமெல்லாம் துணிக்குள் போய்விடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் எம்ப்ராய்டரி தோற்கிற ஒரு இடம் சுருக்கம். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் வேலை) சரியாகச் செய்யாத காட்டன் ஜெர்சி முதல் துவைப்பில் 5 சதவீதம், சில லாட்டில் அதற்கு மேலும் சுருங்கும். பாலியெஸ்டர் எம்ப்ராய்டரி நூல் சுருங்காது. 10 சென்டிமீட்டர் நீளப் பெயரைச் சுற்றியுள்ள துணி அரை சென்டிமீட்டர் உள்ளே வந்தால், பெயர் இருக்கும் இடம் மட்டும் உப்பித் தூக்கும். ஃப்ரேம் தவறால் வரும் சுருக்கம் எந்திரத்திலிருந்து எடுத்ததுமே தெரியும், இது முதல் துவைப்புக்குப் பிறகுதான் தெரியும், அப்போது யூனிட்காரரைக் கேட்டும் பயனில்லை. விலை குறைந்த லாட் டி-ஷர்ட் வாங்கிப் பெயர் போடுவதாக இருந்தால், ஒரு பீஸில் நெஞ்சுப் பகுதியில் 10 சென்டிமீட்டருக்குப் பேனாவால் கோடு போட்டுத் துவைத்துக் காயவைத்து அளந்துவிடுங்கள். அதிகம் சுருங்கினால் எல்லாவற்றையும் துவைத்த பிறகு கொடுங்கள், அல்லது டிடிஎஃப் பக்கம் போங்கள்.

டிடிஎஃப் வேலை இப்படி: பிலிமில் நிறத்தையும் அதன் மேல் வெள்ளையையும் அச்சிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஒட்டும் பொடியைத் தூவி, சூட்டில் உருக்கி, பிறகு துணியில் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவது. காட்டனுக்கு 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 வினாடி. பிலிமை உரித்த பிறகு மேலே டெஃப்லான் தாள் வைத்து இன்னொரு முறை சில வினாடி அழுத்த வேண்டும். அந்த இரண்டாம் அழுத்தம்தான் எழுத்தைப் பின்னலுக்குள் இறக்குகிறது, பளபளப்பையும் குறைக்கிறது. அவசரக்காரக் கடைகள் விட்டுவிடுவது அதைத்தான். வாங்கும்போது நகத்தால் எழுத்தின் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். பின்னலின் வரி எழுத்தின் மேலேயும் லேசாகத் தெரிந்தால் நன்றாக இறங்கியிருக்கிறது. ஸ்டிக்கர் மாதிரி வழுவழு என்றிருந்தால் இரண்டாம் அழுத்தம் நடக்கவில்லை.

தமிழ் எழுத்துக்கு டிடிஎஃப் பெரிய வரம். 6 மில்லிமீட்டர் 'ஜ'வும் தெளிவாக வரும், சுழி அடையாது, ஆளுக்கொரு பெயர் என்றாலும் கூடுதல் செலவில்லை, ஒரே பிலிமில் முப்பது பெயரை அடுக்கிவிடலாம். ஆனால் கோட்டின் தடிமன் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அதில் பொடி போதுமான அளவு பிடிக்காது, ஓரம் எழும்பும். புள்ளி இங்கேயும் பலவீனம்தான். ஒரு மில்லிமீட்டர் புள்ளிக்கு ஒட்டும் பரப்பு மிகக் குறைவு, துவைப்பில் முதலில் உதிர்வது அதுதான். எம்ப்ராய்டரிக்குச் சொன்ன 1.5 மில்லிமீட்டர் புள்ளியை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியெஸ்டர் ஜெர்சியில் மட்டும் டிடிஎஃப் எச்சரிக்கை தேவை. சூடு பட்டதும் பாலியெஸ்டர் சாயம் ஆவியாகி அச்சுக்குள் ஏறும். சிவப்புத் துணியில் போட்ட வெள்ளைப் பெயர் சில நாளில் ரோஸ் நிறமாகும். குறைந்த சூட்டில் உருகும் பொடியும், சாயத்தைத் தடுக்கும் கருப்புப் பொடியும் இருக்கின்றன. "பாலியெஸ்டருக்குத் தனிப் பொடி போடுறீங்களா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாத கடை என்றால் வேறு கடை. அழுத்தி 24 மணி நேரம் கழித்தே துவைக்க வேண்டும், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெந்நீர் இல்லாமல். எழுத்தின் மேல் நேரடியாக இஸ்திரி போடவே கூடாது.

வினைலில் தமிழ்ப் பெயர் வெட்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை. பிளாட்டர் என்ற எந்திரம் வெட்டிய பிறகு வேண்டாத பகுதியைக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், ஒவ்வொரு சுழியின் உள்வட்டத்தையும். பிடுங்கும்போது புள்ளி கூடவே வந்துவிடும். எழுத்து 4 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் முதுகுப் பெயருக்கு அருமை, நெஞ்சுப் பெயருக்கு வேண்டாம். ஸ்கிரீனில் ஒவ்வொரு பெயருக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும் என்பதால் ஆளுக்கொரு பெயர் என்ற கணக்கே கட்டுப்படியாகாது. ஊர்த் திருவிழாக் குழு, கபடிக் குழு என்று எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் மலிவும் உறுதியும் அதில்தான். பிளாஸ்டிசால் மை 160 டிகிரி வரை வெந்திருக்க வேண்டும். குறுக்கே இழுத்துப் பார்த்தால் மை வெடித்தால் வேகவில்லை.

ஸ்வெட்டர் வேறு இனம். பள்ளி ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக். ஹீட் பிரஸ்ஸில் வைத்தால் அந்த இடம் நசுங்கிப் பளபளவென்று செத்துப்போகும், மறுபடி எழாது. ஆகவே டிடிஎஃப், வினைல் இரண்டும் கிடையாது. கெட்டித் துணியில் பெயரைத் தனியே எம்ப்ராய்டரி செய்து பட்டியாகத் தைத்துவிடுவதே சுலபம். கையால் பின்னிய கம்பளி என்றால், கண்ணியின் மேலேயே ஊசியால் வேறு நிற நூலை ஓட்டி எழுதுவது ஒரு முறை. கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது, 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி என்றால் வரிசை 30 வரும். சதுரக் கட்டத் தாளில் வரைந்தால் எழுத்து குள்ளமாகிவிடும், கட்டத்தை இதே விகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அப்படியும் கட்டம் கட்டமாக வருவதால் தமிழ்ச் சுழிகளுக்கு இது பொருந்தாது. கரையும் பிலிமில் பெயரை எழுதி, ஸ்வெட்டரின் மேல் வைத்துத் தைத்து, அதன் மேல் சங்கிலித் தையல் போடுவது பல மடங்கு மேல். நூலை இறுக்காமல் விட்டால் ஸ்வெட்டரோடு சேர்ந்து எழுத்தும் நீண்டு திரும்பும். பச்சைக் குழந்தையின் உடுப்பில் எம்ப்ராய்டரி போட்டால் உள்பக்கப் பேக்கிங் தோலை உரசும். மெல்லிய பின்னல் துணியை உள்ளே ஒட்டி மூடச் சொல்லுங்கள், அல்லது பெயரை அணிகிற உடுப்பில் போடாமல் போர்வையின் ஓரத்தில் போடுங்கள்.

விலையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எம்ப்ராய்டரி யூனிட் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று சொல்லும், ஆனால் சின்னப் பெயருக்குக் குறைந்தபட்சக் கூலி வைத்திருப்பார்கள், பஞ்சிங் தனி. முப்பது பெயர் என்றால் முப்பது ஃபைல். தமிழ் எழுத்து முழுவதையும் ஏற்கெனவே தையலாகச் செய்து வைத்துக்கொண்டு, பெயரைக் கோத்துத் தருகிற யூனிட்டும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பஞ்சிங் கூலி பேரளவுக்குத்தான் இருக்கும், எழுத்துகள் எல்லாப் பெயரிலும் ஒரே மாதிரி வரும். "தமிழ் லெட்டர் செட் இருக்குதுங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்பது நல்லது. எல்லாம் பேசிய பிறகும் முதல் பீஸை உங்கள் துணியிலேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். கைவசம் கிடக்கும் ஏதோ காட்டன் துணித் துண்டில் தைத்த சாம்பிள் எதையும் நிரூபிக்காது. எந்த ஆர்டருக்கும் கூடுதலாக ஒன்றிரண்டு பீஸ் கொடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் எந்திரம் படிக்கும் தையல் ஃபைலான டிஎஸ்டி ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே நூலின் கம்பெனியையும் ஷேடு நம்பரையும் எழுதி வாங்குங்கள். டிஎஸ்டி ஃபைலில் நிறம் பதிவாகாது, எங்கே நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். அடுத்த வருடம் இன்னும் நான்கு பீஸ் போட வேண்டி வந்தால், கடை மாறினாலும் பெயர் அதே நிறத்தில் வர அந்த நம்பர் தேவைப்படும்.